தடவத் தெரியுமா உங்களுக்கு?

நாய், பூனை, குதிரைகளுக்கு மென்தொடுகை: ஒரு பயிற்சியின் கதையும் கணக்கும்

நாயைப் பார்த்ததும் நம்மில் பலருக்குக் கை நேராக அதன் உச்சந்தலைக்குத்தான் போகும். இரண்டு தட்டு தட்டுவோம். குதிரையென்றால் கழுத்தில் ‘பட் பட்’டென்று, தள்ளி நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி ஓங்கித் தட்டுவோம். பூனையென்றால் தலையில் தொடங்கி வால் நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. மூன்றும் பிரியத்தில் செய்வதுதான். வாங்கிக்கொள்கிற உயிருக்கு அது பிரியமாகப் படுகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் சும்மா விடவில்லை. பெர்லினில் நாய்களை வைத்துப் பார்த்தார்கள். தலையுச்சியிலும் பாதத்திலும் கை படும்போது நாய்கள் உதட்டை நக்கின, முகத்தைத் திருப்பின. இவை அவற்றின் சங்கட அறிகுறிகள். மார்பிலும் தோளோரத்திலும் தடவியபோது அந்த அறிகுறிகள் குறைந்தன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், வாலின் அடிப்பகுதியைத் தடவுவதுதான் அவற்றை அதிகம் எரிச்சலூட்டியது. பிரான்ஸில் 2018-இல் வெளியான ஆய்வு குதிரைகளைப் பற்றியது. வழக்கமான முறையில் பிரஷ் போட்டபோது குதிரைகள் விலகப் பார்த்தன. அவற்றின் விருப்பத்தைக் கவனித்து மென்மையாகத் தேய்த்தபோது மேலுதட்டை நீட்டிக்கொண்டு தாமாகவே ஆளை நெருங்கி வந்தன.

ஆக, மனதில் பிரியம் இருந்தால் மட்டும் போதாது. கைக்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பைத் தருவதாகச் சொல்லும் பயிற்சிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது ‘டெல்லிங்டன் டி-டச்’. அதைக் கற்பவர்கள் என்ன கற்கிறார்கள்? அதில் எது உண்மை, எது மிகை?

குதிரைக்காரப் பெண்ணும் ஜூடோ ஆசானும்

இந்த முறையை உருவாக்கிய லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் 1937-இல் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர். பண்ணையில் வளர்ந்து, குதிரை மேலேயே காலம் கழித்தவர். நூறு மைல் தூரத்தை ஒரே நாளில் கடக்கும் நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளில் கலந்துகொண்டவர். கணவர் வென்ட்வொர்த் டெல்லிங்டனுடன் சேர்ந்து கலிபோர்னியாவில் குதிரைப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். போட்டிக் குதிரைகளுக்கு உடல்பிடிப்பு (மசாஜ்) செய்வது பற்றி இருவரும் 1960-களிலேயே ஒரு நூல் எழுதினார்கள். தன் தாத்தா ஜார் ஆட்சிக் கால ரஷ்யாவில் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர் என்றும், உடல்பிடிப்பு வித்தை குடும்பத்துக்குள் வந்தது அவர் வழியாகத்தான் என்றும் லிண்டா சொல்வதுண்டு.

ஆனால் அவர் பாதை திரும்பியது ஒரு மனிதரால். அதுவும் குதிரையோடு சம்பந்தமே இல்லாதவரால். மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904-இல் இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்தவர். பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் படித்தவர். ஐரோப்பாவில் ஜூடோவைப் பரப்பியவர்களில் ஒருவர். அடிபட்ட தன் முழங்காலைத் தானே நடக்கப் பழக்கப்போய், உடல் அசைவு பற்றிய தனி முறை ஒன்றையே உருவாக்கிவிட்டார். அவர் அடிப்படையாக வைத்த கருத்து எளிமையானது: பழகிய அசைவையே திரும்பத் திரும்பச் செய்யும் உடல் புதிதாக எதையும் கற்பதில்லை. பழக்கமில்லாத ஓர் அசைவை, வலியில்லாமல், மெதுவாகக் கொடுத்தால் நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு கவனிக்கும்.

1975-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவரிடம் படிக்கச் சேர்ந்த லிண்டா, மனிதர்களுக்கான இந்தப் பாடத்தைக் குதிரையிடம் செய்து பார்த்தார். பிடிக்கப் போனால் பிடி கொடுக்காத, வயதான அரேபியப் பெண்குதிரை ஒன்று இருந்தது. அதன் கால், காது, வால், தாடை என ஒவ்வொன்றையும், அது தானாக அசைக்காத விதங்களில் மெல்ல அசைத்துப் பார்த்தார். அடுத்த நாள் அந்தக் குதிரை அவரைத் தேடி வாசலுக்கு வந்தது என்பது அவர் சொல்லும் கதை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1983-இல், அமெரிக்காவில் ஒரு குதிரை மருத்துவமனையில் இருந்தபோது வட்டத் தொடுகை வந்து சேர்ந்தது. முதுகைத் தொட்டாலே சீறிக்கொண்டிருந்த குதிரை அவர் கைபட்டு அடங்கி நின்றது. என்ன செய்தீர்கள் என்று கேட்ட உரிமையாளரிடம், அவர் கோட்பாடெல்லாம் விளக்கவில்லை. கையை வைத்துத் தோலை வட்டமாக நகர்த்திப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் செய்தார். குதிரை அப்போதும் அடங்கியே நின்றது. பயிற்சியே இல்லாத கைக்கும் பலிக்கிறதென்றால், இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் லிண்டாவுக்கு வந்தது.

ஒன்றேகால் வட்டம்

உடலின் எந்த இடத்திலும் ஒரு கடிகார முகத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஆறு மணி கீழே, தரையைப் பார்த்தபடி இருக்கும். விரல்களைச் சற்று வளைத்து ஆறில் வைத்து, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று சுற்றி மறுபடி ஆறுக்கு வந்து, நிற்காமல் ஒன்பது வரை போக வேண்டும். மொத்தம் ஒன்றேகால் சுற்று. அங்கே ஒரு கணம் நிறுத்தி, கையை மெல்ல எடுத்து, அடுத்த இடத்தில் அடுத்த வட்டம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அரைக்கக் கூடாது.

கற்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். விரல் முடியின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் அது வட்டமல்ல, வெறும் தேய்ப்பு. விரலோடு சேர்ந்து தோல் நகர வேண்டும்; தோலுக்கு அடியிலிருக்கும் தசை அப்படியே இருக்க வேண்டும். ஒரு கை வட்டம் போடும்போது மற்றக் கை விலங்கின் உடலில் சும்மா இருக்கும். கவனம் கூடும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது விலங்குக்கு உடனே தெரிந்துவிடும் என்பதால், மூச்சை விடச் சொல்லிப் பயிற்றுநர் நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்.

அழுத்தத்துக்கு ஒன்று முதல் பத்து வரை அளவு வைத்திருக்கிறார்கள். ஒன்று என்பது, மூடிய கண்ணிமையின் மேல் உறுத்தாமல் தோலை நகர்த்தும் அழுத்தம். அதே கையால் முன்கையில் வட்டம் போட்டு, தோல் எவ்வளவு குழிகிறது என்று பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வேலை மூன்றுக்குள் முடிந்துவிடும். உடல்பிடிப்பு என்றதும் அழுத்தித் தேய்ப்பதுதான் நம் நினைவுக்கு வரும். இங்கே கற்க வேண்டியது அழுத்தாமல் இருக்கும் கலை. பயிற்சி வகுப்பில் மாணவர்கள் விலங்கைத் தொடும் முன் ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகுவதும் இதற்காகத்தான். அழுத்தம் எவ்வளவு என்பதைத் தொட்டவரைவிடத் தொடப்பட்டவர் சரியாகச் சொல்வார்.

தொடுகைகளுக்கு விலங்குப் பெயர்களே சூட்டியிருக்கிறார்கள். விரல் நுனிகளால் போடுவது மேகச்சிறுத்தை, அதுதான் அரிச்சுவடி. முழு உள்ளங்கையையும் பதித்துச் செய்வது அபலோனி என்னும் கடல்நத்தையின் பெயரில் இருக்கிறது. மிரண்ட விலங்குக்கு அதுவே இதம். மலைப்பாம்புத் தூக்கல் என்பது வட்டமே அல்ல: காலையோ தோளையோ இரு கைகளால் அணைத்து, தோலையும் தசையையும் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மேலே ஏற்றி, சிறிது நிறுத்தி, ஏற்றியதைவிட மெதுவாக இறக்குவது. காதை அடியிலிருந்து நுனி வரை கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் வைத்து வழித்துவிடுவது இன்னொரு முக்கியப் பாடம். வண்டியில் மிரளும் நாய்க்கும், மருத்துவருக்காகக் காத்திருக்கும் குதிரைக்கும் பயிற்சியாளர்கள் முதலில் செய்வது இதைத்தான்.

தோலுக்கு அடியில்

மெதுவான தொடுகைக்கென்று தனி நரம்பு இழைகள் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் யிங்வே சோட்டர்மன் 1939-இல் பூனையின் தோலில் இவற்றின் தடத்தைக் கண்டார். மனிதத் தோலிலும் இவை உண்டு என்பது 1990-களில் ஸ்வீடனிலேயே உறுதியானது. சுரீரென்று குத்தினால் செய்தி கொண்டுபோகும் வேக நரம்புகள் அல்ல இவை. மெல்ல ஊர்ந்து போகும் தந்திகள். நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் இவை நன்றாக எழுகின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தாலும், அசையாமல் கையை வைத்திருந்தாலும் அடங்கிவிடுகின்றன. 2013-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவன ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் வருடலுக்கு மட்டும் எழும் நரம்பணுக்களைக் காட்டினார்கள். அவற்றைத் தூண்டிய இடத்தை எலிகள் விரும்பித் தேடிச் சென்றன.

குதிரைகள் இதை நம்மைக் கேட்டா செய்கின்றன? இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றின் கழுத்தை மற்றது பல்லால் மெல்லக் கோதிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸின் கமார்க் சதுப்பு நிலக் குதிரைகளைக் கவனித்த கிளோடியா ஃபே என்ற ஆய்வாளர், பெரும்பாலும் ஒரே இடம் கோதப்படுவதைக் கண்டார்: பிடரி முடியும் இடத்தில், கழுத்தும் முதுகும் கூடும் மேட்டுக்கு அருகே. அந்த இடத்தில் மனிதக் கை அதேபோல் கோதியபோது குதிரையின் இதயத் துடிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாகக் குறைந்தது. வேறோர் இடத்தில் கோதியபோது அப்படிக் குறையவில்லை. 1993-இல் வெளியான இந்த ஆய்வு லாயத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. கழுத்தில் ஓங்கித் தட்டுவதை விட்டுவிட்டு அந்த மேட்டில் நிதானமாகச் சொறிந்துவிட்டால் குதிரைக்கு அது புரியும்.

நம் ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அலைதாடியில் கை வைத்ததும் பசு கழுத்தை நீட்டிக் கொடுக்கும். பசுக்கள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் கழுத்துப் பகுதியில் தடவினால் அவை மனிதரை விட்டு விலகுவது குறைகிறது என்று வியன்னா ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

லாயத்தில் நடக்கும் பாடம்

ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும் உடல் குதிரையுடையது. இவ்வளவு நுட்பமான தோலில் சேணம், வார், குதிகால் என்று நாம் எத்தனையோ கனமான செய்திகளை அனுப்புகிறோம். ‘அடங்காத குதிரை’ என்று பெயர் வாங்கிய பலவற்றுக்கு முதுகில் வலியோ, பொருந்தாத சேணமோ, பல்லில் கோளாறோ இருக்கும். அதனால் குதிரைகளுக்கான பயிற்சி தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சம தரையில் நிற்க வைத்து நான்கு காலிலும் எடை சமமாக விழுகிறதா, தலையை எந்த உயரத்தில் வைக்கிறது, வால் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு கையின் பின்புறத்தால் உடல் முழுக்க ஒரு தேடல். எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே தசை இறுக்கம், எங்கே தொட்டால் மூச்சு நிற்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் வட்டம். கையோடு தரைப் பாடமும் உண்டு. நீண்ட கழிகளைத் தரையில் போட்டுத் திருப்பங்கள் கொண்ட பாதை அமைத்து, அதன் வழியே குதிரையை அடியடியாக நடத்துவார்கள். ஒவ்வோர் அடிக்கும் யோசிக்க வேண்டியிருப்பதால் குதிரைக்கு மிரள இடம் குறைகிறது. தலையைத் தாழ்த்தக் கற்றுக்கொடுப்பதும் முக்கியம். தலையைத் தூக்கி, முதுகை விறைத்து நிற்பது ஓடத் தயாராகும் நிலை. தலையைத் தாழ்த்தினால் அந்த விறைப்பு தளர்கிறது.

டிரெய்லரில் ஏற மறுக்கும் குதிரைகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. பயிற்சிக்குப் பின் ஏறும் நேரம் குறைந்தது, ஏற்றும்போது இதயத் துடிப்பும் எச்சிலில் அளந்த கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது பத்தே குதிரைகளில் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டுத் தொடு

வட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், இந்தப் படிப்பின் உயிர் அதில் இல்லை. கையை எடுப்பதில் இருக்கிறது. மூன்று நொடி தொடு, எடு, காத்திரு. விலங்கு உன் பக்கம் சாய்ந்தால், கையைத் தேடி வந்தால், தொடரலாம். அசையாமல் விறைத்தால், முகத்தைத் திருப்பினால், காதைப் பின்னுக்கு மடித்தால், எழுந்து போனால், பதில் ‘வேண்டாம்’. நாய்ப் பயிற்சியாளர்கள் இதைச் சம்மதச் சோதனை என்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குத்தான் ஆய்வின் ஆதரவும் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகமும் பாட்டர்ஸீ விலங்குக் காப்பகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகப் பூனைகளோடு பழக வந்தவர்களுக்குச் சில நிமிடம் மட்டும் வகுப்பெடுத்தார்கள். பாடம் மூன்றே அம்சங்கள்: பூனையே முடிவு செய்யட்டும், அதன் உடலைக் கவனி, கன்னத்திலும் தாடையிலும் காதடியிலும் மட்டும் தொடு. பாடம் கேட்டவர்களிடம் பூனைகள் கடிப்பதும் பிறாண்டுவதும் குறைந்தது. தாமாக வந்து உரசுவது கூடியது. அங்கே வட்டமும் இல்லை, அளவும் இல்லை. கேட்டுத் தொட்டார்கள், அவ்வளவுதான்.

உடலின் பதிலைப் படிப்பதிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. குதிரை உதட்டை நக்கி வாயை மென்றால் அது இளகிவிட்டது என்று பலர் உடனே மகிழ்வார்கள். இறுக்கமான ஒரு கணத்திலிருந்து தளர்வுக்கு மாறும்போதே குதிரைகள் அதிகம் அப்படிச் செய்கின்றன என்று காட்டுக் குதிரைகளைக் கவனித்தவர்கள் சொல்கிறார்கள். அதாவது, அந்த மெல்லுதலுக்கு முன் நாம் அதற்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்திருக்கிறோம் என்றும் பொருள். நாயின் கொட்டாவியும் இப்படித்தான். தூக்கத்திலும் வரும், சங்கடத்திலும் வரும். நார்வேயின் நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் கொட்டாவி, உதடு நக்கல், முகம் திருப்பல் ஆகியவற்றைச் சமாதான அறிகுறிகள் என்று வகைப்படுத்தினார். ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவெடுக்காமல் கண், காது, மூச்சு, எடை சாயும் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

எதை நம்பலாம்?

வட்டம் ஒவ்வொரு உயிரணுவையும் விழிக்கச் செய்கிறது, மூளை அலைகளை மாற்றுகிறது என்றெல்லாம் இந்த முறையின் அன்பர்கள் சொல்வதுண்டு. உயிரணு விழிப்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஒன்றேகால் சுற்று ஏன், ஒன்றரை ஆகாதா என்பதற்கும் சோதனை வழிப் பதில் கிடையாது. மெதுவான, மென்மையான, எதிர்பார்க்கக்கூடிய தொடுகை விலங்கை அமைதிப்படுத்துகிறது என்பதற்குச் சான்று உண்டு. வட்டம் அந்தத் தொடுகைக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. அவசரக்காரக் கையை நிதானமாக்குகிறது. அதற்கு மேல் அதன் மேல் ஏற்றப்படும் அற்புதங்களை வாசலிலேயே விட்டுவிடலாம்.

தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய்க்கு மார்பையும் முதுகையும் சுற்றி மீள்தன்மையுள்ள துணிக்கட்டு போடுவதும் இந்த முறையில் உண்டு. சில நாய்களுக்குப் பலன் தெரிகிறது, சிலவற்றுக்கு இல்லை. ஆய்வுகளும் அப்படியே இரண்டுபட்டு நிற்கின்றன. கட்டுவதாக இருந்தால் வெடி தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்பே, சில நிமிடங்கள் மட்டும் கட்டிப் பழக்க வேண்டும். கட்டியதும் நாய் சிலையாக நின்றுவிட்டால் அதை அமைதி என்று எண்ணி ஏமாறக் கூடாது. கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அச்சம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மருந்தே கேட்கலாம். அதில் தயக்கம் வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி மருத்துவம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான். தொடுகைப் பயிற்சி பெற்றவர் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லவோ, மருந்தை நிறுத்தச் சொல்லவோ கூடாது. அப்படிச் சொல்பவரிடம் உங்கள் பிராணியை விடாதீர்கள்.

வீட்டில் தொடங்க

• விலங்கு ஓய்வாக இருக்கும் நேரத்தில், பக்கவாட்டில் உட்காருங்கள். மேலே குனியாதீர்கள், நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள்.
• நாய்க்குத் தோள், மார்பு. பூனைக்குக் கன்னம், காதடி. குதிரைக்குப் பிடரி முடியும் மேடு. அங்கிருந்து தொடங்குங்கள்.
• வேறு வேறு இடங்களில் நாலைந்து வட்டம் போட்டதும் கையை எடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். முதல் நாள் ஐந்து நிமிடமே அதிகம்.
• குதிரைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். குரல் கொடுத்துக்கொண்டே நகருங்கள்.
• காய்ச்சல், ஆறாத காயம், எலும்பு முறிவு, புதிதாகத் தோன்றிய கட்டி, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.
• குதிரைக்குக் கடும் வயிற்றுவலி அவசர நிலை. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. முதலில் மருத்துவருக்குப் போன், மற்றதெல்லாம் பிறகு.
• பழக்கமில்லாத தெருநாயிடம் இந்தப் பரிசோதனை வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.

படித்தவர்களுக்குக் கிடைக்கும் லாபம்

பயிற்சியாளர் என்ற சான்றிதழ் வாங்க, பல நாள் வகுப்புகள் இடைவெளி விட்டுவிட்டு நடக்கும்; இடையில் வீட்டு விலங்குகளிடம் பழகிக் குறிப்பெழுத வேண்டும். வீட்டில் ஒரு நாய் மட்டும் வைத்திருப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. வார இறுதி வகுப்போ, நல்ல ஒரு புத்தகமோ போதும். மலைவாசஸ்தலத்திலும் கடற்கரையிலும் சவாரிக் குதிரைகளை நம்பிப் பிழைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் போய்ச் சேர வேண்டும். அந்தக் குதிரைகளின் முதுகில்தான் வலி அதிகம் ஒளிந்திருக்கும்.

வட்டம் நோயைக் குணமாக்காவிட்டாலும், தினமும் ஐந்து நிமிடம் உடல் முழுக்கக் கவனத்தோடு போய் வரும் கை ஒரு வேலையைத் தவறாமல் செய்கிறது. காதுக்குள் ஒளிந்த உண்ணி, போன வாரம் இல்லாத கடலையளவுக் கட்டி, சேணம் அழுத்திய இடத்தில் லேசான சூடு, வயதான நாயின் இடுப்பில் தொட்டதும் வரும் சிறு சுருக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். வலியை மறைப்பதில் பூனையும் குதிரையும் கைதேர்ந்தவை. அவற்றின் முகத்தைப் பார்த்து வலியை அளக்க ஆய்வாளர்கள் தனியே அட்டவணை போட வேண்டியிருந்தது. நோய் முற்றிய பிறகு மருத்துவரிடம் ஓடி, ‘ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர்’ என்று சொல்வதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். கை படித்தவர் எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நாளாக என்று சொல்வார். மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.